நகராமல் ஓடும் கார்

சட்டகம், உடற்கூடு, எரிபொருள் குழாய், மின்கம்பித் தொகுதி என்று தனித்தனிப் பாகங்களாக வாங்கி, வாங்கியவரே தம் வீட்டுக் கொட்டகையில் பொருத்தி முடித்துக்கொள்ளும் காரைக் கிட் கார் என்பர். இந்த வழக்கம் ஆழமாக வேரூன்றிய நாடு இங்கிலாந்து. முழுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி பாகத் தொகுப்புக்கு இல்லாதிருந்த காலத்தில், காலின் சாப்மன் 1957இல் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எளிய வருவாய்க்காரரும் விளையாட்டுக் கார் ஒன்றுக்கு உரிமையாளராக வழி திறந்தது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததோடு அந்தச் சலுகை மறைந்தது. செவனைத் தயாரிக்கும் உரிமை அதே ஆண்டில் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. வரிச்சலுகை போனாலும் கொட்டகையில் கார் கட்டும் ஆர்வம் போகவில்லை என்பதற்கு, பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றைப் பிரித்து, அதன் இன்ஜினையும் அச்சையும் கொண்டு 250 பவுண்டு அளவிலான சிறு செலவில் விளையாட்டுக் கார் கட்டலாம் என்று ரான் சாம்பியன் எழுதி 1996இல் வெளிவந்த நூலுக்குக் கிடைத்த வரவேற்பே சான்று.

இவ்வாறு கட்டப்பட்ட கார் சாவியைத் திருப்பியதும் உறுமி எழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கட்டியவர் நினைப்பது இயல்பே. உண்மையில் மிக நுட்பமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெரிய நிறுவனம் ஒரு புதிய காரை விற்பனைக்கு விடுமுன், அதன் இன்ஜினுக்கு எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எவ்வளவு பெட்ரோல் வேண்டும், தீப்பொறி எப்போது பாய வேண்டும் என்பதைப் பொறியாளர் குழுக்களைக் கொண்டு மாதக்கணக்கில் அளந்து நிர்ணயிக்கிறது. கிட் காரின் இன்ஜினோ ஒரு காரிலிருந்தும், கார்புரேட்டர் வேறொன்றிலிருந்தும், கேம்ஷாஃப்ட் மூன்றாவது கடையிலிருந்தும் வந்து சேர்ந்தவை. சைலன்சர் குழாயும் அந்தச் சட்டகத்துக்கென வளைக்கப்பட்டது. இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்த இன்ஜின் உலகில் அது ஒன்றுதான் என்பதால், அதற்கான அளவுகள் எந்த நிறுவனத்தின் கையேட்டிலும் கிடைக்கா. பெரிய நிறுவனம் மாதக்கணக்கில் செய்ததை ஒரே நாளில், ஒரே காருக்காகச் செய்து தரும் இடம்தான் ரோலிங் ரோடு எனப்படும் உருளைச் சாலை.

அந்த ஒரு நாளின் பயனை உணர, இன்ஜினுக்குள் நடப்பதைச் சற்று அறிய வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. ஆனால் இன்ஜின் தன் முழு வலிமையைக் காட்டுவது இந்தச் சமன்பாட்டில் அன்று. பெட்ரோல் சற்றுக் கூடுதலாகச் சேர்ந்து, ஒரு பங்குக்குச் சுமார் 12.5 முதல் 13 பங்கு காற்று என்று விகிதம் இருக்கும்போதுதான் வலிமை உச்சம் பெறுகிறது. முழுச் சுமையில் பெட்ரோல் இதைவிட வெகுவாகக் குறைந்தால் வெப்பம் ஏறி, கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் நேர்ந்து, பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும் அளவுக்குச் சேதம் போகலாம். மிகுந்துவிட்டாலோ, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்துள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட, உட்சுவர் தேயும், ஸ்பார்க் பிளக்குகள் கரி பூசிக்கொள்ளும்.

தீப்பொறியின் நேரமும் இத்தகையதே. கலவை நொடிப்பொழுதில் எரிந்துவிடுவது போலத் தோன்றினாலும், தீ பரவுவதற்கென்று சிறிது நேரம் ஆகிறது. ஆகவே பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி பாய்ந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடும்போது கிராங்க் ஷாஃப்ட் ஒரு மில்லி நொடியில் 6 டிகிரி மட்டுமே திரும்புகிறது. 6,000 சுற்றில் அதே ஒரு மில்லி நொடியில் 36 டிகிரி திரும்பிவிடுகிறது. வேகம் கூடக்கூட உள்ளே கலவை சுழன்று கலங்குவதால் தீயும் விரைந்து பரவுகிறது என்பதால், முன்கூட்டிப் பாய்ச்சும் அளவும் ஆறு மடங்காக வேண்டியதில்லை. மெதுவோட்டத்தில் 10 டிகிரிக்குச் சற்று மேல், உயர் வேகத்தில் 30 டிகிரியை ஒட்டி என்பது பழைய நான்கு சிலிண்டர் ஃபோர்டு இன்ஜின்களில் காணப்படும் பொது அளவு. ஆயினும் குறிப்பிட்ட ஒரு இன்ஜினுக்கு 29 டிகிரி சரியா, 33 டிகிரி சரியா என்பதைக் காதால் கேட்டோ கண்ணால் பார்த்தோ ஒருவரும் சொல்லிவிட முடியாது. அதற்கு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் தரையில் பதிக்கப்பட்ட எஃகு உருளைகளாக இருக்கிறது. காரின் இயக்கு சக்கரங்களை அவற்றின்மேல் நிறுத்தி, கார் முன்னே பாய்ந்துவிடாதபடி வலுவான பட்டைகளால் தரையோடு கட்டுவார்கள். சக்கரம் சுழலும், உருளை சுழலும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். உருளையோடு இணைந்த மின்காந்தத் தடை, சாலையில் ஏற்றமும் எதிர்க்காற்றும் கொடுக்கும் எதிர்ப்பை வேண்டிய அளவுக்கு உண்டாக்கித் தருவதால், இன்ஜினை 3,000 சுற்றில் முழு ஆக்ஸிலரேட்டரோடு அசையாமல் நிறுத்திவைக்கவும் முடியும். பொதுச் சாலையில் எந்த ஓட்டுநராலும் செய்ய இயலாத காரியம் அது. சக்கரம் உருளையைத் தள்ளும் விசையைக் கருவி அளக்க, அதிலிருந்து முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலிமை, கணிக்கப்படுகிறது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைக்கும். 5,000 சுற்றில் 140 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினின் திறன் இக்கணக்கில் 73 கிலோவாட், அதாவது சுமார் 98 குதிரைத்திறன். அரை டன் எடையை ஒட்டிய செவன் வகைக் காருக்கு இது சிறிய வலிமை அன்று.

இந்த உருளைகளின்மேல் இன்ஜினைச் சரிசெய்து தரும் நல்ல டியூனர், கார் வந்தவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதில்லை. நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கிறதா, கார்புரேட்டர் பொருந்தும் இடத்தில் காற்றுக் கசிவு உண்டா, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் கார்புரேட்டரின் வாய் உண்மையிலேயே முழுவதும் திறக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். மூன்றாவது குறை வீட்டில் கட்டிய கார்களுக்கே உரியது. ஆக்ஸிலரேட்டர் கம்பி சற்றுத் தொய்ந்திருந்தாலும் வலிமையில் ஒரு பகுதி அங்கேயே நின்றுவிடும். பிறகு இன்ஜின் சூடேறி, முன்னால் பெரிய மின்விசிறி சுழன்று, புகையை வெளியேற்றும் குழாய் பொருத்தப்பட்டு, புகைக்குழாயில் ஆக்சிஜன் அளக்கும் சென்சார் நுழைக்கப்பட்ட பின்பே வேலை தொடங்கும்.

ஃபோர்டின் 1,599 சிசி கிராஸ்ஃப்ளோ இன்ஜினில் வெபர் நிறுவனத்தின் 40 டிசிஓஇ கார்புரேட்டர்கள் இரண்டைப் பொருத்துவது கிட் கார் உலகில் நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாய் அமையும் இந்த ஏற்பாட்டில் முதல் வேலை, நான்கு வாய்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று காற்றளவியை வைத்துச் சமன் செய்வது. அடுத்தது ஜெட் மாற்றம். ஜெட் என்பது நடுவில் நுண்ணிய துளையுள்ள ஒரு பித்தளைத் துண்டு. அதன் தலையில் 115 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.15 மில்லிமீட்டர். டியூனர் ஒரு வேகத்தில் இன்ஜினை உருளைமேல் நிறுத்தி, சென்சார் காட்டும் விகிதத்தைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை எனில் இன்ஜினை அணைத்து, 115ஐக் கழற்றி 120ஐ இட்டு, மீண்டும் அதே வேகத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிறார். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு மாறியதற்கு இன்ஜினின் குரலே மாறுவதை உடன் நிற்பவர் கேட்கலாம். பெரும்பாலான உருளைச் சாலைக் கூடங்களில் கட்டணம் மணிக்கணக்கில் என்பதால், பல அளவுகளில் ஜெட்களைக் கைவசம் வைத்திருக்கும் டியூனரைத் தேர்ந்தெடுப்பது பணத்தையும் நாளையும் மிச்சப்படுத்தும்.

தீப்பொறி நேரத்தைச் சரிசெய்யும் முறை இன்னும் அழகானது. இன்ஜினைச் சுமையோடு ஒரே வேகத்தில் நிறுத்தி, பொறியை ஒவ்வொரு டிகிரியாக முன்னே கொண்டுசென்றால் முறுக்குவிசை ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் ஏறாமல் நின்றுவிடும். அதற்கு மேலும் முன்னே தள்ளுவதால் பயன் ஏதுமில்லை, நாக்கிங் அபாயம் மட்டுமே மிஞ்சும். ஆகவே கைதேர்ந்தவர்கள் அந்த இடத்திலிருந்து ஓரிரு டிகிரி பின்வாங்கியே நிறுத்துகிறார்கள். வெயில் நாளுக்கும் தரம் குறைந்த பெட்ரோலுக்கும் விட்டுவைக்கும் இடைவெளி அது.

கார்புரேட்டருக்குப் பதிலாக ஈசியூ என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்தால் பித்தளைத் துண்டுகளின் இடத்தைக் கணினித் திரையில் விரியும் அட்டவணை எடுத்துக்கொள்கிறது. ஒருபுறம் இன்ஜின் வேகம், மறுபுறம் சுமை என்று 16க்கு 16 கட்டங்கள் இருந்தால் பெட்ரோலுக்கே 256 எண்கள், தீப்பொறிக்கு அதே அளவில் இன்னொரு அட்டவணை. இங்கே வேலையின் தரம் வெளிப்படுவது உச்ச வேகக் கட்டங்களில் அன்று. ஊருக்குள் கால்வாசி ஆக்ஸிலரேட்டரில் 2,000 சுற்றில் ஓடும்போது பயன்படும் கட்டங்களைப் பொறுமையோடு நிரப்பியிருக்கிறாரா என்பதே டியூனரை மதிப்பிடச் சரியான கேள்வி. கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது அங்கேதான்.

ஆனால் கார் உரிமையாளர்கள் பலரும் ஆவலோடு காத்திருப்பது இறுதியில் அச்சாகி வரும் வரைபடத்தின் உச்ச எண்ணுக்காகவே. அந்த எண்ணைப் பெரிதாகக் கொள்வது தவறு. உருளை அளப்பது சக்கரத்தில் கிடைக்கும் திறனை. கியர்பெட்டி, அச்சு, டயர் ஆகியவற்றில் இழந்ததைக் கூட்டி இன்ஜினின் திறனைக் கணிப்பதற்கு ஒவ்வொரு கூடமும் ஒரு முறை வைத்திருக்கிறது. காற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்தமும் சேர்க்கப்படுகிறது. இக்காரணங்களால் ஒரு கூடத்தின் 120ஐயும் மற்றொரு கூடத்தின் 126ஐயும் ஒப்பிட்டுப் பெருமைப்படவோ வருந்தவோ இடமில்லை. ஒப்பிடத் தக்கவை, அதே உருளையில் காலையில் எடுத்த கோடும் மாலையில் எடுத்த கோடும்தான். உச்சம் 5 குதிரைத்திறனே உயர்ந்திருந்தாலும், 2,500 முதல் 4,000 சுற்று வரை பள்ளமாகக் கிடந்த முறுக்குவிசைக் கோடு நிமிர்ந்து சீராகியிருந்தால், அந்த நாளுக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை.

கூடத்தை விட்டுப் புறப்படுமுன் இரு வரைபடங்களையும், பொருத்தப்பட்ட ஜெட் எண்களையும் தீப்பொறி டிகிரிகளையும், ஈசியூ எனில் அட்டவணைக் கோப்பின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னாளில் சைலன்சரையோ கேம்ஷாஃப்ட்டையோ காற்று வடிகட்டியையோ மாற்றினால் அந்த அளவுகள் செல்லாதவை ஆகிவிடும். கார் மறுபடியும் உருளைமேல் ஏற வேண்டியதுதான்.