பிறப்பேட்டில் எழுதும் பொய்

ஜூன் மாதம் வந்துவிட்டால் பள்ளிக்கூட வாயில்களில் பெற்றோர் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதம் இருக்கும். குழந்தையின் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், தந்தை பெயர், தாய் பெயர் என ஐந்தாறு வரிகள். இவற்றை நாம் ஐயுறுவதில்லை. ஐயுற நேரிடும் என்று எண்ணியதுமில்லை. ஆனால், அந்த வரிகளே விலைக்கு விற்கப்பட்டால்?

2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டத்து இராசிபுரத்தின் பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் அடிபட்டது. ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர், குழந்தை வேண்டிய ஒருவரோடு தொலைபேசியில் பேசிய உரையாடல் வாட்ஸ்அப் வழியே பரவியது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்குத் தக்க ஏற்ற இறக்கம். முப்பது ஆண்டுகளாக இதைச் செய்து வருவதாகவும் அக்குரல் கூறிற்று. பலர் கைதாயினர், வழக்கு சி.பி.சி.ஐ.டி. காவல்துறைக்குச் சென்றது, விசாரணை கொல்லிமலை வரை நீண்டது. 2023இல் திருச்செங்கோட்டிலும், குழந்தையை விற்க முயன்றதாக அரசு மருத்துவர் ஒருவரும் தரகர் ஒருவரும் கைதாயினர்.

இராசிபுரத்து உரையாடலில் பலரும் மறந்துவிட்ட ஒரு செய்தி உண்டு. குழந்தைக்கு விலை வேறு. நகராட்சியிலிருந்து பிறப்புச் சான்றிதழ் பெற்றுத்தர ரூ.70,000 வேறு! ஏன் அந்தத் தனித் தொகை? காகிதமில்லாத குழந்தை, கேட்பவர் எவர்க்கும் பதில் சொல்ல முடியாத குழந்தை. "இவளே தாய், இவரே தந்தை" என்று ஏடு பொய் சொன்னால்தான் வாங்கியவர் நிம்மதியாக உறங்கலாம். பொய்யேடு இல்லையேல் இவ்வணிகமே இல்லை.

ஏடு எழுதப்படும் முறை

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அதன் பொறுப்பாளரும், வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரும் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் தகவல் தர வேண்டும். ஆகவே, இந்த ஏடு முழுவதும் மனிதரின் சொல்லை நம்பியே நிற்கிறது. பிள்ளை பெறாத ஒருத்தியைப் பெற்றவள் என்று ஒருவர் சொல்லி, இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டால் பொய் அரசு முத்திரை பெற்றுவிடும்.

இப்படிப் பொய்த் தகவல் தருவோர்க்கு அச்சட்டம் விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிக அளவு 50 ரூபாய்! 2023இல்தான் அது 250 ரூபாயாக உயர்ந்தது. எழுபதாயிரத்தின் முன் இது எம்மாத்திரம்? ஆயினும், பொது ஏட்டைப் போலியாக்குவது பெருங்குற்றம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 466ஆம் பிரிவில் பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் ஏடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைப் பொய்யாகப் புனைவோர்க்கு ஏழாண்டு வரை சிறை என்றது.

பதிவில் பிழை நேர்ந்தால் என்ன செய்வது? பழைய வரியை அடிக்கவோ சுரண்டவோ கூடாது. திருத்தத்தை ஓரத்தில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும் என்கிறது 1969ஆம் ஆண்டுச் சட்டம். நம் பங்கு ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில், பின்னாளில் நடந்த திருமணத்தையும் குறிப்பது வழக்கம். 1563இலேயே திரெந்து பொதுச்சங்கம் பங்குதோறும் இத்தகைய ஏடுகள் வேண்டுமெனப் பணித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்போ, திருச்சபை ஆவணத்தைப் பொய்யாக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமென்கிறது.

யாருக்கு இழப்பு?

முதல் இழப்பு குழந்தைக்கு. தன் இரத்த உறவு எது, குடும்பத்து நோய் எது என்று அது என்றும் அறியப் போவதில்லை. உடன்பிறந்தாரையே அறியாமல் மணக்கும் ஆபத்தும் உண்டு. அடுத்த இழப்பு ஈன்றவளுக்கு. வறுமையால் பிள்ளையைப் பிரிந்தவள் ஏட்டிலிருந்தும் துடைக்கப்படுகிறாள். வாங்கியவர்களோ, எந்நாளும் கதவு தட்டப்படும் என்று அஞ்சியே வாழ வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தையை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

நேர்வழி இல்லாமலா போயிற்று? பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது நம் சேலத்தில்தான். வளர்க்க இயலாத தாய், குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாற இரண்டு மாத அவகாசமும் உண்டு. முறைப்படி தத்தெடுத்தோர்க்கு, அவர்களையே பெற்றோராகக் குறிப்பிடும் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதே காகிதந்தான்; ஆனால் அதன் பின்னே உண்மைக் கோப்பு ஒன்று காக்கப்படுகிறது. பிள்ளை வளர்ந்தபின் தன் வேரைத் தேட விரும்பினால், விதிகளுக்குட்பட்டு அதற்கு வழியுண்டு. காத்திருப்பு நெடிது என்பது உண்மையே. ஆனால், பொய்யின் நிழலில் வாழும் காலம் அதைவிட நெடிது.

நம் வீட்டுப் பொய்கள்

"இதெல்லாம் யாரோ செய்த குற்றம், நமக்கென்ன?" என்று ஒதுங்கலாமா? பள்ளியில் சேர்க்க வயதை ஓராண்டு கூட்டிச் சொன்னவர்கள் நம்மில் இல்லையா? பெண்ணுக்கு வயது வருமுன் மணமுடிக்க, "சாமி, தேதியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள்" என்று பங்குத் தந்தையிடம் கேட்டவர்கள் இல்லையா? சிறு பொய்க்கு ஏட்டைத் திறந்து கொடுத்தவன், பெரும் பொய் வரும்போது எப்படி அடைப்பான்? 2023 அக்டோபர் 1 முதல் பிறப்போர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், அரசு வேலை அனைத்துக்கும் பிறந்த நாளின் சான்று பிறப்புச் சான்றிதழே. அதில் விழும் ஒரு பொய் வாழ்நாள் முழுதும் தொடரும்.

மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்தில் ஆண்டவரின் தலைமுறை அட்டவணை உண்டு. தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என, வேறொருவர் எழுதியிருந்தால் மறைத்திருக்கக் கூடியவர்களும் அதில் மறைக்கப்படவில்லை. சூசையப்பரை அந்த அட்டவணை மரியாவின் கணவர் என்றே உரைக்கிறது. வளர்த்த தந்தைக்கு அதனால் பெருமை குறைந்ததா? இல்லையே!

பெற்றோரே, இன்றே உங்கள் பிள்ளைகளின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிழையிருந்தால் பதிவாளரிடம் சென்று முறைப்படி திருத்துங்கள். குழந்தையில்லாத தம்பதியர் உங்கள் உறவில் இருந்தால் நேர்வழியைச் சொல்லுங்கள். தரகரின் தொலைபேசி எண்ணைச் சொல்லாதீர்கள். பிள்ளைக்கு நாம் தரும் முதற் சொத்து அதன் பெயர். அது எழுதப்படும் வரி உண்மையாய் இருக்கட்டும்.