உயிலில் இருப்பது அப்பாவின் கையெழுத்தா? கையெழுத்து நிபுணர் சொன்னால் போதுமா?

ஆனைமலையில் ஒரு தென்னந்தோப்பு என வைத்துக்கொள்வோம். தோப்புக்காரர் இறந்ததும் மூத்த மகன் ஒரு உயிலைக் காட்டுகிறார். "இது அப்பா போட்ட கையெழுத்தே இல்லீங்க" என்கிறார் மகள். கோர்ட் எதை நம்பும்?

முதலில் சாட்சிதான்

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63-ன்படி உயிலில் குறைந்தது 2 சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உயிலைக் காட்டுபவர்தான் அதை நிரூபிக்கணும். சாட்சிகளில் ஒருவரையாவது கோர்ட்டில் விசாரிக்க வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதுதான் விதி. 2 பேருமே இறந்துவிட்டால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் நிரூபிக்க வேண்டும். அங்கேதான் நிபுணரின் வேலை முக்கியமாகிறது.

நிபுணர் என்ன பார்ப்பார்?

எழுத்தின் வடிவத்தை மட்டும் அல்ல. பேனா ஓடிய வேகம், அழுத்தம், எந்த இடத்தில் பேனாவைத் தூக்கினார், எந்த இடத்தில் தயங்கினார் என எல்லாவற்றையும் பார்ப்பார். பார்த்து வரைந்த கையெழுத்தில் கோடு மெதுவாக, தயங்கித் தயங்கி ஓடும்.

சிக்கல் என்னன்னா, வயதானவர் கையும் நடுங்கும். அதனால் 20 வருடத்துக்கு முந்தைய கிரயப் பத்திரத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் போதாது. உயில் எழுதிய காலத்தை ஒட்டி பேங்கிலோ, கூட்டுறவு சங்கத்திலோ போட்ட கையெழுத்துகள் தேவை. ஜெராக்ஸில் பேனா அழுத்தம் சரியாகத் தெரியாது, ஒரிஜினல் வேண்டும்.

அவர் சொல்வதே முடிவா?

இல்லை. நிபுணர் தருவது கருத்து மட்டுமே. சசிகுமார் பானர்ஜி உயில் வழக்கில், நேரடி சாட்சியத்தின் இடத்தை நிபுணர் கருத்து பிடிப்பது அரிது என்றது உச்ச நீதிமன்றம் (1963). நீதிபதியே கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் சட்டத்தில் இடமுண்டு.

கையெழுத்து உண்மை என்றாலும் உயில் தப்பிவிடாது. பலன் பெறுபவரே முன்னின்று எழுத வைத்தாரா, எழுதியவர் தெளிவான நினைவோடு இருந்தாரா போன்ற சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும் என்கிறது வெங்கடாசல ஐயங்கார் வழக்கின் தீர்ப்பு (1958).

இப்போதே என்ன செய்யலாம்?

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் கைரேகையும் சேரும். கையெழுத்தைப் போல அது வயதானால் மாறாது. சொத்தில் பங்கு இல்லாத, வயதில் இளைய 2 பேரை சாட்சியாகப் போடுங்கள். பிள்ளைகள் பிறகு கோர்ட் படி ஏறாமல் இருக்க இதுவே பெரிய பாதுகாப்பு.