இருளில் விழித்திருக்கும் கண்



இஷா தொழுது, அடுப்படியை ஒதுக்கி, விளக்கை அணைத்து நாம் படுக்கைக்குப் போகும் வேளையில்தான் காட்டிலே பல பிராணிகளுக்குப் பொழுது விடிகிறது. மனிதனின் காலடி ஓசை கேட்டாலே மறைந்துவிடும் அவற்றை எப்படிப் படம் பிடிப்பது? எப்படி எண்ணிக் கணக்கெடுப்பது?

இதற்கு ஆரம்பத்தில் வழி கண்டவர்களுள் அமெரிக்கரான ஜோர்ஜ் ஷைராஸ் முக்கியமானவர். மான் நடக்கும் பாதையில் குறுக்கே ஒரு நூலைக் கட்டி வைப்பார். மான் அதில் இடறியதும் மெக்னீசியத் தூள் பளீரென எரியும். அந்த வெளிச்சத்தில் கமரா படம் பிடித்துவிடும். 1906 ஜூலை மாத நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை அவருடைய 74 படங்களை வெளியிட்டது. பாவம், அந்த மான்கள் எப்படி மிரண்டு ஓடியிருக்குமோ!

இன்றைய கமராவுக்கு நூலும் வேண்டாம், தூளும் வேண்டாம். ஒரு சிறு பெட்டிதான். அதை மரத்தில், ஏறக்குறைய முழங்கால் உயரத்தில், பட்டியால் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். சூடுள்ள ஓர் உடல் முன்னால் அசைந்தால் போதும், பெட்டிக்குள் இருக்கும் கருவி அந்த வெப்பத்தை உணர்ந்து கமராவை இயக்கிவிடும். இரவில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியே விளக்காக உதவும். பற்றரி தீரும்வரை வாரக் கணக்கில் அது காவலிருக்கும். ஆனால் வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் ஏமாந்து படம் எடுத்துத் தள்ளிவிடும்!

இந்தியாவில் 2018-19இல் நடந்த புலிக் கணக்கெடுப்பைக் கேளுங்கள். 26,838 இடங்களில் கமராக்களைக் கட்டினார்கள். கிடைத்த படங்களோ 3 கோடியே 48 இலட்சத்துக்கும் மேல். அத்தனையிலும் புலி இருந்தவை 76,651 மட்டுமே. மனிதரின் கைரேகைபோல ஒவ்வொரு புலியின் கோடுகளையும் அல்லாஹ் வெவ்வேறாக வரைந்திருக்கிறான். அந்தக் கோடுகளை ஒப்பிட்டு 2,461 புலிகளைத் தனித்தனியே இனங்கண்டார்கள். நம் நாட்டுச் சிறுத்தைகளையும் இப்படித்தான் புள்ளிகளைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள். கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை நடமாடுவதைக் காட்டித் தந்ததும் இத்தகைய கமராக்கள்தாம்.

இவ்வளவும் நல்ல செய்தி. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கமராவுக்குத் தெரிந்தது சூடும் அசைவும் மட்டுமே. முன்னால் வருவது புலியா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்று அதற்குத் தெரியாது.

இந்தியாவின் உத்தரகாண்ட் மாநிலத்தில் கோர்பெட் புலிகள் சரணாலயம் இருக்கிறது. சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள் விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போய் வருகிறவர்கள். ஆண்கள் நிறைந்த வீட்டை விட்டுச் சற்று விலகி, கூட்டமாக மனம் விட்டுப் பேச அவர்களுக்கு வாய்த்த இடமும் அதுதான். அங்கு 14 மாதங்கள் தங்கி 270 பேரிடம் பேசிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2024இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

2017இல், இயற்கைத் தேவைக்காக ஒதுங்கிய ஒரு பெண்ணைக் காட்டுக் கமரா படம் பிடித்துவிட்டது. ஓட்டிஸம் உள்ள பெண் அவர். அந்தப் படத்தைச் சிலர் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் பரப்பிவிட்டார்கள். கொதித்தெழுந்த கிராமத்தார் கமராக்களை அடித்து நொறுக்கினார்கள். பெண்பிள்ளைகளைப் பெற்ற எவருக்கும் அந்தக் கோபம் விளங்கும். புலியை எண்ணுவது நல்ல காரியமே. ஆனால் கமரா எங்கே கட்டப்படும், படத்தை யார் பார்ப்பார்கள் என்று அந்தப் பெண்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டாமா?

மானப் பிரச்சினையோடு இது முடியவில்லை. அந்தப் பெண்கள் காட்டில் சத்தமாகப் பாடிக்கொண்டே விறகு சேர்ப்பவர்கள். பொழுதுபோக்குக்காக அல்ல, மனிதக் குரல் கேட்டால் புலியும் யானையும் விலகிப் போகும் என்பதற்காக. கமரா வந்த பிறகு, யார் பார்க்கிறார்களோ, யார் கேட்கிறார்களோ என்ற கூச்சத்தில் பாட்டு அடங்கிப் போயிற்று. சிலர் கமரா இல்லாத, பழக்கமற்ற பகுதிகளுக்கும் போகத் தொடங்கினார்கள். ஆய்வாளரிடம் இவற்றையெல்லாம் சொன்ன பெண்களுள் ஒருவரைப் பின்னர் புலி அடித்துக் கொன்றுவிட்டது.