பனிமலைப் பாதையில் சக்கரச் சங்கிலி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூரிலும் சரக்கேற்றும் ஓட்டுநர் சகோதரர்களே! குளிர்காலத்தில் காஷ்மீருக்கோ லடாக்கிற்கோ செல்ல நேர்ந்தால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். நமது மழைச்சாலையில் பெற்ற அனுபவம் மட்டும், சுமார் 3,500 மீட்டர் உயரமுள்ள சோஜிலா கணவாயின் உறைபனியில் போதாது.

ஏற்றம் தொடங்குமுன்பே சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் விசையால் சுழலும் சக்கரங்களில் இரும்புச் சங்கிலியைப் பூட்டுங்கள். சிறிது தூரம் ஓட்டியபின் இறங்கிப் பார்த்து மீண்டும் இறுக்குங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல், தாழ்ந்த கியரில் மெல்ல இறங்குங்கள். பனியற்ற தார்ச்சாலை வந்ததும் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் அது அறுந்து டயரைக் கிழிக்கக்கூடும்.

பாதை மூடப்பட்டிருந்தால் பொறுமையுடன் காத்திருங்கள். சரக்கு ஒருநாள் தாமதமாகச் சேரட்டும். வாசலை நோக்கியிருக்கும் பிள்ளைகளிடம் தந்தை நலமாகத் திரும்ப வேண்டும்.