ஈரச் சுவரும் இழுப்பு நோயும்

சுசீந்திரத்திலே பழையாற்றை அடுத்த தெரு ஒன்றில் எமக்கு வேண்டியவர் இல்லம் ஒன்றுண்டு. ஆனி ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி கார்த்திகையில் மறு மழையும் பெறுவது நாஞ்சில் நாடு. வயலும் குளமும் சூழ்ந்த அவ்வூரில் பழைய வீட்டுச் சுவர்கள் முற்றும் உலர்ந்திருக்கும் மாதங்கள் சிலவே. சென்ற கார்த்திகையில் யாம் அங்குச் சென்றபோது, அரங்கின் வடசுவர் மேற்பாதி கறுத்துப் பூசணம் பூத்திருந்தது; பெட்டியிலிருந்த வேட்டிகளிலும் கரிம்பன் படர்ந்திருந்தது. அவ்வறையில் உறங்கும் ஆறு வயதுச் சிறுவனுக்கோ இரவுதோறும் இழுப்பு. சுவரே காரணம் என்றார் மருமகளார். “இந்த அரங்கிலேதான் நான்கு பிள்ளைகளை வளர்த்தேன், எவருக்கு என்ன வந்தது?” என்றார் மாமியார். இருவரும் எம்மையே நடுவராக இருக்கக் கேட்டனர். யாம் ஒருவாறு தப்பி வந்தோம். எனினும், வினா எம்மை விட்டபாடில்லை. நூல்களைப் புரட்டியபோது, கற்றோரும் இவ்விருவரைப் போலவே பிரிந்து வழக்காடியிருத்தல் கண்டோம்.

பூசணம் காளான் இனத்தைச் சேர்ந்தது. அதன் வித்துக்கள் கண்ணுக்குப் புலனாகாமல் எங்கும் காற்றில் மிதப்பன. தூசியும் மரமும் துணியும் அவற்றிற்கு உணவாகும். ஈரம் மட்டும் வாய்த்தால் முளைத்துவிடும். உண்ணும் பொருளில் அது கொடிய நஞ்சாகலாம் என்பதில் ஐயமில்லை. 1974-இல் இராஜஸ்தான், குஜராத் மாநிலச் சிற்றூர்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 106 பேர் மாண்டனர். ஆயின், சுவரிலே பூத்ததை மூச்சிலே இழுப்பவனுக்கு என்ன நேரும் என்பதே வழக்கு.

அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரில் 1993, 1994 ஆம் ஆண்டுகளில் பச்சிளங்குழந்தைகள் சிலர் நுரையீரலில் இரத்தங் கசிந்து நோயுற்றனர். நீர் புகுந்த அவர்தம் வீடுகளில் ஸ்டாக்கிபோட்ரிஸ் என்னும் கரும்பூசணம் காணப்படவே, அதன் நஞ்சே காரணமாகலாம் என்று அறிவிக்கப்பட்டது. அச்சம் பரவிற்று, நீதிமன்றங்களில் வழக்குகளும் பெருகின. 2000-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தார் கணக்கை மீண்டும் ஆராய்ந்து, அத்தொடர்பு நிறுவப்படவில்லை என்றனர். நிறுவப்படவில்லை என்பது பொய்யென்று காட்டப்பட்டது என்றாகாது. பூசண அச்சத்தை நகைத்தவர் பலர் இதனை மறந்தனர் என்பது எம் கருத்து.

2004-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தார் இரு சாராரும் முழுதும் மகிழாத தீர்ப்பொன்றை அளித்தனர். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளோடு இருமல், மூச்சிரைப்பு, மூக்குத்தொல்லை, இழுப்புடையார்க்கு அது மிகுதல் ஆகியவை தொடர்புடையன என்பதற்குப் போதிய சான்றுண்டு என்றும், களைப்பு முதலிய பிறவற்றிற்கு அத்தகைய சான்றில்லை என்றும் கூறினர். அதன் பின்னும் கொடுமை நிகழ்ந்தது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து வாடகை வீடொன்றில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுப் பூசணத்தில் நெடுநாள் வாழ்ந்ததால் வந்த சுவாச நோயே காரணம் என 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்த்தார்.

நம் நாட்டிலும் இவ்வழக்கு உண்டு. பூசணம், பறவையெச்சம் முதலியவற்றின் தூள் ஒவ்வாமையால் நுரையீரல் அழன்று தழும்பேறும் நோய் ஒன்றுளது. நுரையீரல் தழும்பேறும் பலவகை நோயாளர் 1,084 பேரை 19 நகரங்களில் ஆராய்ந்து 2017-இல் வெளியான கணக்கில், இவ்வகையினர் நூற்றுக்கு 47 பேர். நீர்க்குளிர்விப்பான்களின் ஈரத்தட்டியே அவருட் பலர்க்கு ஐயத்திற்குரியதாயிற்று. மறு ஆண்டு சண்டிகர் மருத்துவர்கள் 803 பேரை ஆராய்ந்து, நூற்றுக்குப் பதினொருவரே என்றனர்! வீட்டில் ஈரம் உண்டா என்று வினவி, உண்டெனின் அதுவே காரணம் எனக் கொள்ளலாமா என்பதில்தான் மருத்துவர் மாறுபடுகின்றனர்.

இம்முடிச்சு அவிழாமைக்குக் காரணம் உண்டு. ஈரமுள்ள வீட்டில் பூசணம் தனித்து வாழ்வதில்லை. தூசிப்பேனும் கரப்பானும் பாக்டீரியாவும் உடன் வாழும். அடுப்புப் புகையும் சேரும். எது குற்றவாளி? மேலும், ஒருவர் உடல் பொறுப்பதை மற்றொருவர் உடல் பொறாது. மாமியார் வளர்த்த நால்வரும் நலமாயிருந்தது மெய். பேரனுக்கு அது சான்றாகாது. மருமகளார் 2021-இல் கோவிட் நோயாளரைத் தாக்கிய ‘கருப்புப் பூஞ்சை’ இதுவோ என்று நடுங்கியதும் வீண். அது மியூக்கர் இனம். நீரிழிவு கட்டுக்கடங்காதவரையும் ஸ்டீராய்டு மருந்து மிகுதியாக உண்டவரையுமே பெரும்பாலும் பற்றியது.

இத்தனை வித்துக்கள் வரை தீங்கில்லை என எல்லை வகுக்க இயலாது, ஈரத்தையே அகற்றுக என்று 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை கூறியதை அவ்வில்லத்தார்க்கு எழுதினோம். தச்சர் மேலேறிப் பார்க்க, வடபுறத்தில் உடைந்த ஓடுகள் மூன்று இருந்தனவாம். ஓடு மாற்றிச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தனர். சிறுவன் கட்டிலையும் முன்னறைக்கு மாற்றினர். தைமாதம் யாம் மீண்டும் சென்றபோது, இழுப்பு குறைந்திருக்கிறதென்றார் மருமகளார். மழை நின்றதால் குறைந்தது என்றார் மாமியார்.