"இன்னைக்கு ஸ்கூல் இல்லப்பா": முழு முடக்கத்தில் ஆட்டிசம் பிள்ளைகளும் பெற்றோரும்

காஜாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துப் பாருங்கள். காலை மணி 7. ஏழு வயதுப் பையன் சப்பாத்து போட்டுக்கொண்டு கதவருகே நிற்கிறான். "இன்னைக்கு ஸ்கூல் இல்லப்பா" என்று அம்மா பத்து தடவை சொல்லியாகிவிட்டது. அவன் நகரவில்லை; அழுகை அலறலாகிறது.

ஏன் இப்படி?

ஆட்டிசம் நோயல்ல, மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. இப்பிள்ளைகளில் பலருக்கு மாறாத அன்றாட ஒழுங்குதான் பிடிமானம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பள்ளி, சிகிச்சை வகுப்பு, பாட்டி வீடு எல்லாம் ஒரே நாளில் நின்றன. 2021 ஜூன் 1 முதல் மீண்டும் முழு முடக்கம் வந்தது. எனவே அந்த அலறல் அடம் அல்ல, பதற்றம்.

வெளியே போக முடிந்ததா?

2021 ஜூன் முழு முடக்கத்தில் அத்தியாவசியப் பொருள் வாங்க, ஒரு வீட்டிலிருந்து இருவர், 10 கிலோமீட்டருக்குள் செல்ல அனுமதி இருந்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு இரண்டு பிள்ளைகள் என்றால்? யாரை விட்டுவிட்டுப் போவது என்பதே கேள்வியாக இருந்தது. பிரான்ஸ், 2020 ஏப்ரலில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வெளியே செல்லும் நேர, தூர விதிகளைத் தளர்த்தியது.

முகக்கவரி?

வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு முகக்கவரியைக் கட்டாயமாக்காமல், ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. பழக்க விரும்பினால், பிடித்த கார்ட்டூன் பார்க்கும்போது ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

• எழுவது, குளிப்பது, பசியாறுவது, பாடம், விளையாட்டு: வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். முடிந்ததை அவனே எடுக்கட்டும்.
• "பள்ளி மூடியிருக்கு. டீச்சர் வீட்டுல இருக்காங்க. திறந்ததும் போவோம்" எனச் சிறு படக்கதையாகச் சொல்லுங்கள். திறக்கும் தேதி தெரியாவிட்டால் தேதி சொல்லாதீர்கள்.
• அலறும்போது கேள்வி வேண்டாம். விளக்கை, டிவியைக் குறைத்துவிட்டு அருகில் காத்திருங்கள்.

பெற்றோருக்கு?

முடிந்தால் முறை வைத்து ஓய்வெடுங்கள். சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம், ஆட்டிசம் அதில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வருகிறது. மனம் தாங்காத நேரத்தில் தாலியான் காசே 15999-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.

பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால், புகார் சொல்லும் முன் "ஏதும் உதவி வேணுமாக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு அன்று வேறு யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.