விசா வேறு, குடியிருப்பு உரிமை வேறு

மும்பையில் தாராவி, மாட்டுங்கா முதலிய பகுதிகளில் வாழும் நம்மவர் குடும்பங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் இளைஞர் பலர். விசா கைக்கு வந்ததும் காரியம் முடிந்ததென்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். உண்மையில் அது வாயிற்படி மட்டுமே.

விசா என்பது நாட்டினுள் நுழைவதற்கான அனுமதி. தங்கி உழைப்பதற்கான உரிமைச் சீட்டு வேறு. சவூதி அரேபியாவில் அதனை 'இகாமா' என்பர். வேலை விசாவில் சென்றவருக்கு அதனைப் பெற்றுத்தருவது முதலாளியின் கடமை. சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்வதோ அங்கே குற்றம். "முதலில் போய்ச் சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்னும் தரகர் சொல்லை நம்பிச் சென்றவர், கூலி கிடைக்காவிடினும் முறையிட அஞ்சி ஒளிந்து வாழ நேரும்.

இத்தகைய துயரைத் தடுக்க 1983ஆம் ஆண்டில் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'ஈ.சி.ஆர்.' என்னும் குறிப்பு உண்டு. அவர்கள் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும். அதற்கென எடுக்கும் காப்பீடு, விபத்தில் உயிரிழப்பு நேரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அளிக்கும். ஆதலின் இவ்வனுமதி தடையன்று, அரணே.

பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. மிகுதி கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். அவர் தரம் விளங்கிவிடும்.

பெற்றோரே, விமானச் சீட்டு எடுக்குமுன் விசாவின் வகையை விவரமறிந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம், பாஸ்போர்ட் இரண்டன் பிரதியையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அனுப்பி ஆண்டுக்கணக்கில் கலங்குவதினும், ஒரு மாதம் பொறுத்து முறையாக அனுப்புவதே நன்று.